அந்நிய மண்ணில் நம் திருநாட்கள்

(நம் பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

“அயல்நாட்டில் வாழும் நம்மவரும் நம் திருநாட்களும்” என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளார்கள். யூபிலி விழாவில் இந்தத் தலைப்பு ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். நன்கொடைப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். பெயருக்கு எதிரே ஊர் எழுதும் இடத்தில் ஆரணி என்றும் பொன்னேரி என்றும் இருப்பதோடு, துபாய் என்றும் குவைத் என்றும் சிங்கப்பூர் என்றும் எழுதியிருக்கிறது. பணம் வந்துவிட்டது, பிள்ளை வரவில்லை. இந்தப் பந்தலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களில் சிலர் மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, “அங்கே இப்போது மணி என்ன ஆகும்?” என்று மனக்கணக்குப் போடுவதையும் நான் காண்கிறேன். அவர்களை நினைந்தே பேசத் தொடங்குகிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்திலும் ஓர் ஆரணி உண்டு. நம்முடையது பொன்னேரி வட்டத்து ஆரணி. ஆந்திர மாநிலத்து மலைகளில் தோன்றி, பிச்சாட்டூர், ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக வந்து பழவேற்காட்டுப் பக்கம் கடலைத் தேடும் ஆரணியாற்றின் பெயரைத் தாங்கிய ஊர். ஆறு உள்ள ஊரில் நெல் உண்டு. நெல் உள்ள ஊரில் பொங்கல் உண்டு. ஆகவே பொங்கலிலிருந்தே தொடங்குவோம்.

பொங்கலன்று நாம் இங்கே என்ன செய்கிறோம்? வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். வாசலில் கோலம், புதுப்பானை, மஞ்சள் கொத்து, கரும்பு. பால் பொங்கி வழிகையில் “பொங்கலோ பொங்கல்” என்று கூவுகிறோம். பல பங்குகளில் கோயில் முற்றத்திலேயே பொங்கலிட்டு, நன்றித் திருப்பலியும் நிறைவேற்றுகிறார்கள். இவற்றில் எதற்காவது நாம் அதிகம் பாடுபட்டோமா? சூரியன் தானாக வருகிறது. அரசு விடுமுறை தருகிறது. கரும்பு சந்தைக்கு வந்துவிடுகிறது. அக்கம்பக்கத்தார் அழையாமலே வருகிறார்கள். தானாகக் கிடைப்பதற்கு நன்றி சொல்லும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

அதே நாளைக் கனடா நாட்டு டொரண்டோ நகரில் எண்ணிப் பாருங்கள். ஜனவரி மாதம், வாசலெல்லாம் பனி. வெளியே அடுப்பு மூட்ட வழியில்லை. வீட்டுக்குள் புகை எழுந்தால் கூரையிலுள்ள அபாய மணி அலறும். எனவே மின்சார அடுப்பில், சிறு பாத்திரத்தில், பால் அடுப்பின்மேல் வழிந்துவிடாதபடி பார்த்துப் பார்த்துப் பொங்கலிடுகிறார்கள். பொங்கி வழிவதற்காகவே வைக்கும் பாலை, வழியாமல் காவல் காக்கும் வேடிக்கை அது!

வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் தம்பிமார் நிலையோ வேறு. ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். அடுக்குக் கட்டில். பொங்கலன்று வேலை நாள். இரவு திரும்பி வந்து குக்கரில் அரிசியும் வெல்லமும் இடுகிறார்கள். குக்கரில் பொங்கல் பொங்காது, விசில்தான் அடிக்கும். அந்த விசிலுக்கே எல்லாரும் சேர்ந்து “பொங்கலோ பொங்கல்” என்று கூவினோம் என்று நம் பகுதி இளைஞர் ஒருவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்தபின் அவர் சொன்னதுதான் முக்கியம். “ஐயா, ஊரில் இருந்தவரை பொங்கலன்று நான் எழுந்ததே எட்டு மணிக்கு. அம்மா நாலு மணிக்கே எழுந்து வாசல் தெளித்தது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது” என்றார். ஊரைவிட்டு ஏழு கடல் தாண்டிய பிறகுதான் வீட்டு வாசல் அவர் கண்ணில் பட்டது.

கிறிஸ்து பிறப்பு விழாவும் அப்படியே. வளைகுடா நாடுகள் பலவற்றில் டிசம்பர் 25 வேலை நாள். ஞாயிறும் வேலை நாளாகவே இருந்ததால், ஞாயிறு பூசையை வெள்ளிக்கிழமையில் காண்பது அங்கே வழக்கமாயிற்று. ஐக்கிய அரபு நாட்டில் 2022 ஜனவரியிலிருந்துதான் சனியும் ஞாயிறும் வார விடுமுறை ஆயின. இங்கே கோயில் மணி கேட்டும் படுக்கையில் புரளுகிறவர்கள் உண்டு. அங்கே வேலை உடையோடு பேருந்தில் நெடுந்தூரம் சென்று, கோயில் வாசலில் நின்றபடியே பூசை காண்கிறவர்கள் உண்டு. குறையக் கிடைக்கும் இடத்தில்தான் ஒன்றின் அருமை தெரிகிறது. “நிழலின் அருமை வெயிலில் தெரியும்” என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது இதைத்தான்.

அன்பர்களே, இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கரும்பும் இல்லை, பானையும் இல்லை, விடுமுறையும் இல்லை என்றால், அயல்நாட்டில் திருநாளைத் திருநாளாக வைத்திருப்பது எது? பக்கத்தில் இருக்கும் மனிதர்கள்தாம். “வா, நீயும் சாப்பிடு” என்று சொல்ல ஒருவரும், அதைக் கேட்க ஒருவரும் இருந்தால் போதும். அங்கே திருநாள் வந்துவிடுகிறது. தனியாக உண்ணும் சர்க்கரைப் பொங்கல் வெறும் இனிப்புச் சோறு. அதனால்தான் கடல் கடந்த நம்மவர்கள் சென்ற இடமெல்லாம் முதலில் ஒன்றுகூட ஓர் இடம் தேடினார்கள்.

சிங்கப்பூரில் ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயம் 1888-ஆம் ஆண்டில் எழுந்தது. தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே கட்டப்பட்ட ஆலயம் அது. அக்காலத்தில் கப்பலேறிச் சென்றவர்கள் கூலி வேலைக்கும் கணக்கு வேலைக்கும் சென்றவர்கள். கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அந்த ஆலய முற்றத்தில் தமிழில் செபம் சொல்லவும், “நீ எந்த ஊர்?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா ஜூலை மாதத்தில் நடைபெறும். தமிழரும் சீனரும் பிற மொழியினரும் ஒரே பவனியில் மெழுகுதிரி ஏந்தி நடப்பார்கள். தோட்டத் தொழிலாளராய்ப் போன மக்களின் பேரப்பிள்ளைகள் அதில் நடக்கிறார்கள்.

அந்தந்த நாட்டு மக்கள் நமக்கு இடம் கொடுத்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. கத்தார் நாட்டில் தோகா நகரில் செபமாலை அன்னை ஆலயம் 2008-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பக்ரைன் நாட்டில் அவாலி என்னுமிடத்தில் அரேபிய அன்னை பேராலயம் 2021 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் நிலம் அளித்தவர்கள் அந்நாட்டு முஸ்லிம் மன்னர்கள். 2019 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அபுதாபி விளையாட்டரங்கில் திருப்பலி நிறைவேற்றியபோது, கூடி நின்றவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக அங்கே சென்ற அயல்நாட்டு உழைப்பாளிகளே. கனடா நாட்டுப் பாராளுமன்றமோ 2016-ஆம் ஆண்டில், பொங்கல் வரும் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. கொடுத்தவர் நம் மதத்தாரும் அல்லர், நம் மொழியினரும் அல்லர். வீட்டுக்காரன் வாசலைத் திறந்தான். விருந்தாளிக்குத் திருநாள் வந்தது.

எல்லாம் இனிப்பாகவே நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 2024 ஜூன் 12-ஆம் நாள் குவைத்தில் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியது. 40-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாண்டார்கள். அவர்களில் தமிழரும் உண்டு. அவர்களும் அடுத்த பண்டிகைக்கு ஊருக்கு வருவதாக வீட்டில் சொல்லியிருப்பார்கள். அயல்நாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு ரூபாயிலும் ஒருவருடைய தனிமை கலந்திருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

இனி நன்றியைப் பற்றி இரண்டொரு வார்த்தை. உபாகமம் என்று நம் முன்னோர் அழைத்த இணைச்சட்ட நூலின் 26-ஆம் அதிகாரத்தில் ஓர் அறுவடைச் சடங்கு வருகிறது. விவசாயி முதற்கனிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு குருவிடம் போகவேண்டும். போய் என்ன சொல்லவேண்டும்? விளைச்சலின் அளவையா, தன் உழைப்பின் பெருமையையா? இல்லை. தன் முன்னோன் ஊர் ஊராய் அலைந்தவன் என்றும், சிலராக எகிப்துக்குப் பிழைக்கப் போனவன் என்றும், அங்கே துன்புற்றுக் கடவுளால் மீட்கப்பட்டான் என்றும் சொல்லவேண்டும். அதன்பின் தன் நடுவில் வாழும் அந்நியனையும் சேர்த்துக்கொண்டு மகிழவேண்டும். பாருங்கள், அறுவடை விழாவையும் அந்நியனையும் வேதம் ஒரே இலையில் பரிமாறுகிறது! லூக்கா நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளர் குணமடைந்தார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன். அவனைத்தான் நம் ஆண்டவர் அந்நியன் என்று குறிப்பிட்டார். ஊர்க்காரனுக்கு வராத நன்றி வெளியூரானுக்கு வந்தது.

நன்றி விழாவென்றால் அமெரிக்காவின் நினைவும் வரும். நவம்பர் மாத நான்காம் வியாழனன்று அங்கே கொண்டாடும் நன்றி நாளுக்கு மூலமாகச் சொல்லப்படுவது 1621-ஆம் ஆண்டு அறுவடை விருந்து. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர்கள் முதல் குளிர்காலத்தில் பாதிப்பேரை இழந்தார்கள். மக்காச்சோளம் விதைக்க அவர்களுக்கு வழிகாட்டியவர்கள் அம்மண்ணின் வாம்பனோவாக் பழங்குடி மக்கள். விளைந்ததும் இரு திறத்தாரும் ஒன்றாக அமர்ந்து உண்டார்கள். ஆனால் அந்த நன்றி நிலைக்கவில்லை. 1675-இல் அவ்விரு திறத்தாருக்கும் இடையே பெரும் போர் மூண்டது. சோறிட்டவர்களின் நிலமும் போயிற்று. பந்தியில் சொன்ன நன்றி பந்தியோடு முடிந்துவிட்டால் அது நன்றியாகாது. நன்றி என்பது அடுத்த நாள் காலையிலும், அடுத்த தலைமுறையிலும் காணப்படவேண்டும்.

அப்படியானால், நம் பிள்ளைகளுக்கு அயல்நாட்டார் இடம் தந்ததற்கு நாம் எங்கே, எப்படி நன்றி செலுத்துவது? துபாய்க்குப் போய்ச் சொல்லவேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி வரை போனால் போதும்.

நம் பகுதிக்கு அந்நியர் வருவது புதிதன்று. ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய பழவேற்காட்டில் போர்த்துக்கீசியர் வந்தார்கள். ஒல்லாந்தர் 1613-இல் கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் அங்கே இருக்கிறது. அவர்கள் அதிகாரத்தோடு வந்தவர்கள். இன்று நம்மிடையே வாழும் அந்நியர்கள் அப்படியல்லர்.

முதலாவது, நம் இரத்த உறவினரான ஈழத் தமிழர். 1983-க்குப் பின் அலை அலையாக இராமேசுவரம் கரையில் வந்திறங்கி, மாநிலமெங்கும் முகாம்களில் தங்கவைக்கப்பட்டவர்கள். கும்மிடிப்பூண்டியிலும் அத்தகைய முகாம் உண்டு. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே மணமுடித்து, ஈழத்தைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஆகஸ்டு 15 வந்தால் நாம் விண்ணேற்பு விழாவையும் சுதந்திர நாளையும் கொண்டாடுகிறோம். ஈழத்துக் கத்தோலிக்கருக்கு அது மடு அன்னையின் திருவிழா. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மடு அன்னையின் திருச்சொரூபத்தையே அங்கிருந்து எடுத்துச் செல்ல நேர்ந்தது. அந்த ஆகஸ்டில்தான் திரும்ப வந்தது. மாதாவே இடம்பெயர்ந்த கதையை அறிந்த மக்கள் அவர்கள். நம் ஆகஸ்டு விழாவில் அவர்களுடைய மடு மாதாவுக்கு ஒரு மன்றாட்டு உண்டா?

இரண்டாவது, சிப்காட் தொழிற்பேட்டையிலும் இரும்பு ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் உழைக்கும் வடமாநிலத் தோழர்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் என்று பல திசைகளிலிருந்து வந்தவர்கள். “வடக்கத்திக்காரன்” என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கிவிடுகிறோம். நம் பிள்ளைகளும் அங்கே ஓர் அறையில் எட்டுப் பேர். இவர்களும் இங்கே ஓர் அறையில் எட்டுப் பேர். நம் வீட்டில் வாடகை வாங்குகிறோம், பெயர் கேட்டிருக்கிறோமா?

அவர்களுக்கும் திருநாட்கள் உண்டு. தீபாவளி கழிந்த ஆறாம் நாள் பீகார் மக்கள் சத் விழா கொண்டாடுகிறார்கள். நோன்பிருந்து, நீரில் இறங்கி நின்று, மறையும் சூரியனையும் மறுநாள் உதிக்கும் சூரியனையும் வணங்குகிறார்கள். சூரியனுக்கு நன்றி சொல்லும் நமக்கு இது விளங்காத விழாவா? மேற்கு ஒடிசாவில் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நுவாக்காய் என்னும் விழா. புது நெல்லின் அரிசியைப் படைத்து, பெரியவர் கையால் வாங்கி உண்டு, காலில் விழுந்து ஆசி பெறுகிறார்கள். அதாவது, அவர்கள் ஊர்ப் பொங்கல்! அந்த நாளில் அந்தப் பையன் நம் ஊரில் ஆலைச் சங்கு கேட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவின் சுந்தர்கர் பகுதியிலிருந்தும் வருகிறவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. 1885-இல் சோட்டாநாக்பூர் சென்ற பெல்ஜியம் நாட்டு இயேசுசபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நிலத்தை இழந்து தவித்த முண்டா, ஓராவோன் மக்களுக்காக வழக்கு மன்றங்களில் துணை நின்றார். அவர் வழியே விசுவாசம் பெற்றவர்களின் சந்ததியினர் அவர்கள். தொழிற்பேட்டையை ஒட்டிய பங்குகளில் ஞாயிறு பூசைக்கு வந்து பின்வரிசையில் நிற்கும் முகங்களைக் கவனியுங்கள். மொழி புரியாது, எழுந்து நிற்கும் நேரமும் முழந்தாளிடும் நேரமும் மட்டும் தெரியும். நம் பிள்ளை குவைத்தில் வாசலில் நிற்பதை நினைந்து கண்ணீர் விடும் நாம், நம் வாசலில் நிற்பவனைத் திரும்பிப் பார்க்கவேண்டாமா?

2020 மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆலை மூடியது, சம்பளம் நின்றது, இரயில் இல்லை. நம் பக்கமாகச் செல்லும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் மூட்டை முடிச்சோடு வடக்கு நோக்கி நடந்தார்கள். அவ்வழியில் சோறும் தண்ணீரும் கொடுத்தவர்கள் உண்டு. அவர்களைக் கடவுள் ஆசீர்வதிப்பாராக. ஆபத்து நாளில் சோறு கொடுக்க நமக்குத் தெரியும். திருநாளில் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளவும் தெரியவேண்டும். பசிக்கு இடும் சோறு உயிரைக் காக்கும். பந்தியில் இடும் இலை மானத்தைக் காக்கும்.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை.

முதலாவது, உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒருவரிடம் பெயரும் ஊரும் கேளுங்கள், “உங்கள் ஊரில் பெரிய பண்டிகை எது, எந்த நாள்?” என்று கேளுங்கள். அந்த நாளில் ஒரு வாழ்த்துச் சொல்லுங்கள். நம் பிள்ளைக்கு அயல்நாட்டில் யாரேனும் “இன்று உங்கள் பொங்கலாமே!” என்று சொன்னால் அவன் உள்ளம் எப்படிக் குளிரும்!

இரண்டாவது, வரும் கிறிஸ்து பிறப்பு இரவிலும் பொங்கல் திருப்பலியிலும் ஒரு மன்றாட்டையேனும் இந்தியிலோ ஒடியாவிலோ அவர்களே சொல்ல இடம் கொடுப்போம். பூசைக்குப் பின் கோயில் முற்றத்தில் இடும் பொங்கலில் அவர்களுக்கும் முகாம் மக்களுக்கும் இலை போடுவோம். அவர்கள் ஊர்ப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்போம். பொருள் புரியாவிட்டால் என்ன? ஊர் நினைவில் பாடுகிறவன் குரல் எந்த மொழியிலும் புரியும்.

மூன்றாவது, பெற்றோர்களுக்கு ஒரு சொல். பிள்ளையோடு பேசும்போது, “பணம் அனுப்பினாயா?” என்று கேட்பதற்கு முன் “இன்று யாரோடு சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள். அவன் தனியே சாப்பிட்டதாகச் சொன்னால், பக்கத்து அறையில் இருப்பவனை அழைக்கச் சொல்லுங்கள். அவன் மலையாளியாய் இருக்கட்டும், வங்காளியாய் இருக்கட்டும், பிலிப்பைன்ஸ் நாட்டவனாய் இருக்கட்டும். “உன் பொங்கலை அவனுக்குக் கொடு, அவன் பண்டிகையில் நீ போய் நில்” என்று சொல்லிக்கொடுங்கள்.

அன்பார்ந்தவர்களே, நம் கோயிலின் யூபிலியைக் கொண்டாடுகிறோம். இத்தனை ஆண்டுகளில் சுவர் உயர்ந்தது, கோபுரம் உயர்ந்தது. அதில் கடல் கடந்த கைகளின் வியர்வையும் உண்டு. அந்தக் கைகளுக்கு அங்கே ஒரு வாசல் திறந்தது போல, இங்கே நம் வாசலும் திறந்திருக்கட்டும். இந்தக் கோயிலின் அடுத்த யூபிலி மலரில் ஜார்க்கண்டுக் குடும்பம் ஒன்றின் பெயரும், முகாமில் பிறந்த பிள்ளை ஒன்றின் பெயரும் நம் பெயர்களோடு அச்சாகட்டும். நாம் உண்மையாகவே நன்றியுள்ள மக்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேறு வேண்டாம்.